கூட்டிய முற்றமும் கூட்டாத தெருவும்

ஏலக்காய் ஏலத்தில் உட்காரும் வியாபாரி, தான் எந்த விலைவரை போகத் தயார் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதில்லை. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மையங்களில் இன்று ஏலம் கணினி வழியாகவே நடக்கிறது. மாதிரிக் காயைக் கையில் அள்ளி, பச்சையையும் பருமனையும் பார்த்து விலை கேட்கிறவரின் மனத்தில் இருக்கும் கடைசி எண் அவருக்கு மட்டுமே தெரியும். அதைக் கள்ளத்தனம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள், தொழிலே அப்படித்தான். அதே மனிதர் ஏலம் நடத்துகிறவரிடமிருந்து மறைந்திருக்க முடியாது. எந்த லாட்டை யார், என்ன விலைக்கு எடுத்தார் என்பது அங்கே பதிவாகிறது. பணம் வங்கி வழியே போனால் அங்கேயும் பதிவாகிறது. ஒரே ஆள், ஒரே நாற்காலி. சிலருக்கு அவர் மனம் தெரியாது, வேறு சிலருக்கு அவர் செய்தது முழுக்கத் தெரியும். நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் என்று ஒன்று உண்டு. 'மறைவு' என்ற சொல் அந்த வேற்றுமை இல்லாமல் பாதியாகவே நிற்கும்: யாரிடமிருந்து மறைவு? இணைய உலாவிகளில் இருக்கும் தனிச் சாளரத்தைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தது.

அந்தச் சாளரம் புதியதன்று. 2005-இல் ஆப்பிளின் சஃபாரி உலாவியில் வந்தது. 2008-இல் குரோம் வெளியானபோது கூகுள் அதற்கு 'இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்து, தொப்பியும் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவத்தைச் சின்னமாக்கியது. அடுத்த ஆண்டே இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபயர்ஃபாக்ஸும் தங்களுடையதைக் கொண்டுவந்தன. குரோமைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இதை 'மறைநிலை' என்ற பெயரில் பார்த்திருப்பார்கள். இன்காக்னிட்டோ என்றால் தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் உலவுவது. இரவில் மாறுவேடம் பூண்டு நகர்வலம் போகும் அரசன் நம் கதைகளில் செய்வது அதைத்தான். சந்தையில் நிற்கும் எவருக்கும் அவன் அரசன் என்று தெரியாது. பெயரும் தொப்பியும் இந்த வாக்கைத்தான் தருகின்றன: வெளியே உன்னை யாருக்கும் தெரியாது. கருவி செய்யும் வேலையோ இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது. அரசன் தன் சொந்த உடையிலேயே வெளியே போகிறான், சந்தையே பார்க்கிறது. அவன் திரும்பி வந்ததும் அரண்மனை முற்றத்தில் பதிந்த காலடிகளை ஒருவர் கூட்டிவிடுகிறார். விடிந்தால் அரண்மனையில் இருப்பவர்களுக்கு அவன் வெளியே போனது தெரியாது. ஊருக்குத் தெரியும்.

கூட்டும் வேலை எப்படி நடக்கிறது? உலாவி வழக்கமாகப் பல குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறது: போன தளங்களின் வரலாறு, மறுபடி இறக்காமலிருக்க எடுத்துவைத்த படங்கள், படிவங்களில் தட்டிய பெயரும் எண்ணும், அப்புறம் குக்கீகள். குக்கீ 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கனைப் போன்றது அது. இணையதளத்துக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். ஆகவே தளம் ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கிறது. உலாவி அதைப் பத்திரப்படுத்தி அடுத்த முறை நீட்டுகிறது. 'ஓ, முன்பு வந்தவர்' என்று தளம் தெரிந்துகொள்கிறது. தனிச் சாளரத்தைத் திறந்ததும் உலாவி ஒரு காலிப் பையை எடுத்துக்கொள்கிறது. பழைய டோக்கன்கள் அதில் இல்லை. அதனால்தான் சாதாரணச் சாளரத்தில் ஜிமெயிலுக்குள் நீங்கள் ஏற்கெனவே இருந்தாலும் தனிச் சாளரம் மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. புதிதாகக் கிடைக்கும் டோக்கன்கள் இந்தப் பையில் சேர்கின்றன. தனிச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியதும் பை எறியப்படுகிறது. வரலாறு பட்டியலில் ஏறுவதே இல்லை. எளிமையான, நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் ஸ்டாண்டுக்காரர் தன் நோட்டில் எழுதி வைத்தது பையோடு சேர்ந்து போய்விடாது.

போடிநாயக்கனூருக்குப் பக்கத்துக் கிராமமான சிலமலையில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து தட்டிய தேடல் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். ஃபோனிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்கு. அங்கே முதல் வேலை, தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்பது. நாமாக மாற்றி அமைக்காதவரை அந்தச் சேவையகம் பெரும்பாலும் சேவை நிறுவனத்துடையதே. கேள்வி திறந்த அஞ்சலட்டையாகப் போகிறது. முகவரி கிடைத்ததும் தளத்தோடு இணைப்பு ஏற்படுகிறது. எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க முறை உள்ள தளம் என்றால், இன்று பெரும்பாலானவை அப்படித்தான், எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன தட்டினீர்கள் என்பது ஒட்டிய உறைக்குள் போய்விடும். உறையின் மேல் முகவரி எழுதாமல் தபால் போகுமா? இணைப்பின் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. அந்தப் பெயரையும் மறைக்கும் முறை 2023 வாக்கில் உலாவிகளில் வரத் தொடங்கியது. அது சாதாரணச் சாளரத்திலும் ஒன்றுபோலவே இயங்குவது. தனிச் சாளரம் இந்த வழியில் தன் பங்காக எதையும் மூடுவதில்லை.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை, நாட்டு நடப்பே சான்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு சில தளங்களை முடக்க உத்தரவிடுகிறது. சேவை நிறுவனங்கள் முடக்குகின்றன. ஜியோ நிறுவனம் இணைப்பின் முதல் செய்தியில் தெரியும் அந்தத் தளப் பெயரைப் பார்த்து முடக்குகிறது என்பதை, பெங்களூரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். தனிச் சாளரம் போகுமிடத்தைச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைக்குமானால், முடக்கிய தளம் அதில் திறந்துகொள்ள வேண்டும். திறப்பதில்லை. பார்ப்பதோடு நிற்பதுமில்லை: 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தி, அழைப்பு விவரங்களையும் இணைய இணைப்பு விவரங்களையும் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. ஃபோனில் ஒரு நொடியில் எறிந்த பைக்கும் அந்த 2 ஆண்டுப் பதிவேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வழியை விட்டுவிட்டு மறுமுனைக்குப் போவோம். பதில் அனுப்ப வேண்டுமானால் தளத்துக்கு ஓர் ஐபி முகவரி தெரிந்தாக வேண்டும். மொபைல் இணையத்தில் ஒரே வெளி முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்வதால், தளத்தின் கண்ணுக்கு அது ஒரு கூட்டத்தின் முகவரியாக இருக்கலாம். அந்த நொடியில் அந்தக் கூட்டத்தில் எவர் என்பதைச் சேவை நிறுவனத்தின் பதிவு சொல்லும். முகவரி தவிர வேறு அடையாளங்களும் உண்டு. 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்தது. குக்கீயைத் தொடாமல், திரையின் அளவு, நேர மண்டலம், உலாவியின் பதிப்பு, நிறுவியுள்ள எழுத்துருக்கள் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்ததிலேயே 83.6 விழுக்காடு உலாவிகள் கூட்டத்தில் தனித்துத் தெரிந்தன. தாமாக வந்து சோதித்துப் பார்த்தவர்களின் கணக்கு அது, அதுவும் கணினிகள் மிகுந்த காலத்தது. ஒரே மாடல் ஃபோனை லட்சக்கணக்கானோர் வைத்திருக்கும் இன்றைய நிலைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் நம் ஊர் டிடிபி கடைக் கணினியை நினைத்துப் பாருங்கள். பாமினியும் வானவில்லும் இன்னும் பல பழைய தமிழ் எழுத்துருக்களும் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் அந்தப் பெட்டி, உலகத்துக் கணினிகளின் நடுவே நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் தெரியும். சில உலாவிகள் இப்படிப்பட்ட அடையாளங்களை மழுக்க முயல்கின்றன. எல்லாம் அல்ல. இத்தனை நுணுக்கமும் தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது: தனிச் சாளரத்துக்குள் போய் நாமே நம் பெயரில் உள்நுழைவது. அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் செய்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்படும்.

பொதுமக்களின் எண்ணத்துக்கும் கருவியின் வேலைக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளி ஒருநாள் நீதிமன்றம் ஏறியது. 2020 ஜூனில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூகுள்மீது ஒரு கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. குறைந்தது 500 கோடி டாலர் கேட்டார்கள். குற்றச்சாட்டின் மையம் இது: ஒருவர் தனிச் சாளரத்தில் ஏதோ ஒரு செய்தித் தளத்துக்கோ மருத்துவத் தளத்துக்கோ போகிறார். அது கூகுளின் தளமன்று. ஆனால் அந்தப் பக்கத்தில் வருகையாளர்களை எண்ணும் கூகுள் நிரலும் கூகுள் விளம்பரமும் பதிக்கப்பட்டிருக்கின்றன. பக்கம் திறந்ததுமே உலாவி அந்த நிரல்களுக்காகக் கூகுளின் சேவையகத்தையும் அழைக்கிறது. அழைப்போடு ஐபி முகவரியும் படித்த பக்கத்தின் முகவரியும் போய்ச் சேர்கின்றன. அந்தத் தகவலைத் தனிநபர்களின் கணக்குகளோடு இணைக்கவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கின் நடுவே வெளிவந்த ஒரு விவரம் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பொருள் நிறைந்தது. சாதாரணச் சாளரத்தில் குரோம் கூகுளுக்கு அனுப்பும் ஒரு தலைப்புக் குறிப்பு, மறைநிலையில் அனுப்பப்படுவதில்லை. அந்தக் குறிப்பு இல்லாததை வைத்தே 'மறைநிலையாக இருக்கலாம்' என்று அடையாளமிடும் களங்கள் நிறுவனத்தின் சில பதிவுகளில் இருந்தன. தொப்பி போட்டு வந்தவர் என்பதே ஒரு குறிப்பாகிவிட்டது.

2024 ஏப்ரலில் சமரச விவரம் நீதிமன்றத்தில் தாக்கலானது. மறைநிலையில் திரட்டிய நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிப்பது அல்லது அடையாளம் நீக்குவது, அறிவிப்பு வாசகத்தைத் திருத்துவது, தளத்துக்கு வெளியிலிருந்து வரும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை மறைநிலையில் 5 ஆண்டுகள் இயல்பாகவே தடுத்து வைப்பது என்று கூகுள் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்தவர்களின் கூட்டத்துக்குப் பணம் எதுவும் இல்லை. வேண்டியவர் தனித்தனியே வழக்காடலாம். 'வழக்குத்தான் முடிந்துவிட்டதே, இனி மறைநிலை பெயருக்கேற்ப மறைக்கும்' என்று இதைப் படிக்கக் கூடாது. மூன்றாம் தரப்புக் குக்கீ தடுக்கப்படுவது நல்லதே. ஒரே விளம்பர நிறுவனம் பத்துத் தளங்களில் ஒரே டோக்கனைக் காட்டச் சொல்லி ஆளைப் பின்தொடர்வது கடினமாகிறது. ஆனால் சேவை நிறுவனம் பார்ப்பதும், தளம் தானே எழுதிக்கொள்வதும், ஐபி முகவரி போவதும் முன்போலவே இருக்கின்றன. சமரசத்தில் மாறிய முக்கியமான விஷயம், சொல். தளங்களும், அவை பயன்படுத்தும் கூகுள் உள்ளிட்ட சேவைகளும் தகவல் திரட்டும் முறை இதனால் மாறாது என்று இப்போது மறைநிலைச் சாளரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

முன்பும் எச்சரிக்கை எழுதித்தானே இருந்தது, படிக்காதது பயனரின் பிழை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், சேவை நிறுவனத்துக்கும் வேலை தரும் நிறுவனத்துக்கும் நீங்கள் தெரியலாம் என்று குரோமின் பழைய பக்கமும் சொன்னது. இந்தக் கேள்விக்கு 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் ஹனோவர் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வால் பதில் தேடினார்கள். 460 பேருக்கு உலாவிகளின் விளக்கப் பக்கங்களைக் காட்டி, படித்து முடித்தபின் கேள்வி கேட்டார்கள். படித்த பிறகும், கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்தாலும் தேடல்கள் சேமிக்கப்படாது என்று 56.3 விழுக்காட்டினர் நம்பினார்கள். தளங்களால் இருப்பிடத்தை ஊகிக்க முடியாது என்று 40.2 விழுக்காட்டினர் சொன்னார்கள். வைரஸிலிருந்தும் இது கூடுதல் பாதுகாப்புத் தரும் என்று 27.1 விழுக்காட்டினர் நினைத்தார்கள். ஆகவே குறை படிக்காததில் மட்டும் இல்லை. மாறுவேடம் என்று பெயரிட்டு, தொப்பியையும் கண்ணாடியையும் பெரிதாக வரைந்து, கீழே சிறிய எழுத்தில் 'இது மாறுவேடமன்று' என்று எழுதினால் மனம் பெரிய எழுத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் தேன் என்று ஒட்டிவிட்டுப் பின்பக்கம் வெல்லப்பாகு என்று எழுதியவரை உணவுப் பாதுகாப்பு அதிகாரி விடமாட்டார். இந்த ஒன்றில் மட்டும் வாங்கியவரைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் விபிஎன் போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா? விபிஎன் உண்மையில் வேறு வேலை செய்கிறது. ஃபோனிலிருந்து ஒரு குழாய் போட்டு எல்லாவற்றையும் அதன் வழியே அனுப்புவதால், சேவை நிறுவனத்துக்குக் குழாய் தெரியும், உள்ளே போவது தெரியாது. தளத்துக்கு உங்கள் முகவரிக்குப் பதில் விபிஎன் நிறுவனத்தின் முகவரி தெரியும். மறைவு பெரிதாகிறது. ஆனால் முன்பு சேவை நிறுவனம் நின்ற இடத்தில் இப்போது விபிஎன் நிறுவனம் நிற்கிறது, எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய நிலையில். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கிய ஐபி போன்ற விவரங்களை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தங்கள் சேவையகங்களை இந்தியாவிலிருந்து எடுத்துச் சென்றுவிட்டன. இலவச விபிஎன் செயலி என்றால் செலவுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும். டார் உலாவி மூன்று இடைநிலையங்களைக் கடந்து போவதால், நீங்கள் யார் என்பதும் எங்கே போகிறீர்கள் என்பதும் சேர்ந்து எந்த ஒரு நிலையத்துக்கும் தெரியாதபடி பிரிக்கிறது. மாறுவேடம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது அதுதான். மெதுவானது, அதிலும் உங்கள் பெயரில் உள்நுழைந்தால் வேடம் கலைந்துவிடும். இவை ஒவ்வொன்றும் ஐந்தாம் வேற்றுமைக்கு வேறு வேறு பெயரைக் கொடுக்கும் கருவிகள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இவ்வளவையும் கேட்டபின் தனிச் சாளரம் வெறும் ஏமாற்று என்று தோன்றலாம். இந்த முடிவோடுதான் எனக்கு அதிகமான சண்டை. 2010-இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னிகி மெலன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இந்தச் சாளரத்தை முதன்முதலாக முறையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, எதிராளிகள் இரண்டு வகை என்று பிரித்துக்கொண்டார்கள்: நீங்கள் எழுந்து போனபின் அதே கருவியைக் கையில் எடுப்பவர் ஒருவர், இணையத்தின் மறுமுனையில் இருப்பவர் இன்னொருவர். இரண்டாமவரிடம் இந்தச் சாளரம் பலவீனமானது. முதலாமவரிடம், உலாவியில் சேர்க்கும் நீட்சிகள் போன்ற ஓட்டைகளை அடைத்துவிட்டால், இது சொன்ன வேலையைச் செய்கிறது. அப்படியானால் இந்தக் கருவியின் மதிப்பு, நம் வாழ்க்கையில் அந்த முதலாமவர் எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. ஆளுக்கொரு ஃபோன், ஆளுக்கொரு அறை என்று வாழும் ஊரில் அவர் பெரிய விஷயமில்லை. விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் குடும்பத்தில், ஒரே ஸ்மார்ட்ஃபோன் அப்பாவிடமிருந்து மகனுக்கும் மகளிடமிருந்து அம்மாவுக்கும் கைமாறும் வீட்டில், அந்த முதலாமவர்தான் அன்றாடம் எதிரே இருப்பவர்.

இது ஊகம் மட்டுமன்று. நித்யா சாம்பசிவன் தலைமையில் கூகுள் ஆய்வாளர்களும் பிறரும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் 199 பெண்களிடம் பேசி, 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையில் இருக்கும் ஃபோன் தன்னுடையதே ஆனாலும் வீட்டார் கேட்டால் கொடுப்பதே முறை என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது. முழு ஃபோனுக்கும் பூட்டுப் போட்டால் 'எதை மறைக்கிறாய்' என்ற கேள்வி வரும். அதனால் பெண்கள் தாங்களே வழிகள் கண்டிருந்தார்கள்: சில செயலிகளுக்கு மட்டும் பூட்டு, குறிப்பிட்ட தேடலையோ செய்தியையோ மட்டும் அழித்தல், தனிச் சாளரம், சில விஷயங்களை ஃபோனில் தொடாமலே விட்டுவிடுதல். மாதவிலக்குத் தள்ளிப்போனதைப் பற்றியோ, கணவனின் கடனைப் பற்றியோ, படிப்பைத் தொடர உதவித்தொகை கிடைக்குமா என்றோ தேடும் பெண்ணுக்கு, மறுமுனையில் இருக்கும் விளம்பர நிறுவனத்தைவிடத் தேடல் பெட்டியில் எட்டிப் பார்க்கும் பழைய வார்த்தைகளே உடனடித் தொல்லை. அந்தத் தொல்லையைத் தனிச் சாளரம் தீர்க்கிறது. உலகக் கட்டுரைகள் பெரும்பாலும் கூகுளிடமிருந்தும் அரசிடமிருந்தும் மறைவதைப் பற்றியே பேசி, வீட்டுக்குள் தேவைப்படும் மறைவைச் சில்லறை விஷயமாக ஒதுக்கிவிடுகின்றன. சிலமலையிலிருந்து பார்த்தால் இந்த வரிசை மாறவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு இது எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியே அதற்குப் பதில். சொல்லாமலிருப்பதும் குற்றம் செய்வதும் ஒன்றல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொன்னதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. இந்தச் சாளரத்துக்கு ஒரு கெட்ட பெயர் இருப்பது உண்மை. அன்பளிப்பு வாங்குவதை வீட்டாருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள என்று உலாவி நிறுவனங்கள் விளம்பரப்படுத்தின. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு, கார்னிகி மெலன் ஆய்வு அளந்து பார்த்தபோது அன்பளிப்புக் கடைத் தளங்களைவிட ஆபாசத் தளங்களில்தான் இதன் பயன்பாடு கூடுதலாக இருந்தது. அதனால் மருந்தைப் பற்றித் தேடியவளும் சந்தேகத்துக்கு ஆளாகிறாள். குற்றவாளிகளுக்கு இது கேடயம் ஆகாதா என்ற பயத்துக்கு மேலே சொன்ன குறைபாடே விடை: சேவை நிறுவனத்தின் பதிவும் தளத்தின் பதிவும் இருக்கும்வரை விசாரணைக்கு இந்தச் சாளரம் தடையில்லை. குழந்தைகளைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் மேற்பார்வையில் உள்ள பிள்ளைகளின் கணக்குக்குக் குரோமில் மறைநிலை திறக்காது.

வீட்டுக்கு அடுத்தபடி இந்தச் சாளரம் தேவைப்படும் இடம் பிரவுசிங் சென்டர். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், தேர்வு முடிவு, பட்டா, ஆதார் என்று போடியின் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரே கணினியில் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் நாற்காலி அது. அங்கே மறைவின் எல்லையைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள்படி வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தக் கணினியில் எந்தத் தளங்கள் திறக்கப்பட்டன என்ற பதிவைக் கடைக்காரர் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. கடைக்காரரிடமிருந்தும் அவர் வழியாக அரசிடமிருந்தும் மறைவு இல்லை என்பதே இதன் பொருள். ஆனால் அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகும் முன்பின் தெரியாதவரிடமிருந்து மறைவு வேண்டும், முடியும்.

அந்த ஒருவர் விஷயத்திலும் சாளரம் பார்த்துக்கொள்ளாத சில உண்டு. குரோமில் திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்கள் எல்லாம் ஒரே பையைத்தான் பகிர்கின்றன. உங்களுக்கு முன்னால் வந்தவர் ஒரு சாளரத்தைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் புதிதாகத் திறப்பது அவர் உள்நுழைந்த கணக்கிலேயே போய் நிற்கலாம். ஆகவே உட்கார்ந்ததும் பழையவற்றை எல்லாம் மூடிவிட்டே தொடங்க வேண்டும். எழும்போதும் ஒன்று மிச்சமில்லாமல் மூட வேண்டும். கணினியில் விசைகளைக் கண்காணிக்கும் நிரல் ஏதும் இருந்தால் இந்தச் சாளரம் அதைத் தடுக்காது. வங்கிக் கணக்கை அங்கே திறக்காமலிருப்பதே சரி. எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் பிழை, இறக்கிய கோப்பு. தனிச் சாளரத்தில் இறக்கினாலும் கோப்பு டவுன்லோட்ஸ் அடைவில் அப்படியே கிடக்கும். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயர் தெரிந்தவர் ஆண்டை ஊகித்தால் திறந்துவிடலாம். பிரின்ட் எடுத்ததும் அடைவிலிருந்து அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, வாட்ஸ்அப் வெப்பில் அனுப்பி எடுத்திருந்தால் ஃபோனில் அந்த இணைப்பையும் துண்டித்தபின் எழுந்திருக்கலாம்.